சூடு தெரியாத கால்

1

இந்தப் பொங்கலுக்கு நான் ஊருக்கு வரும்போது பெட்டியில் அந்தப் பெரிய மாத்திரை பாட்டில் இருக்காது. இப்போதே சொல்லிவிடுகிறேன், வந்த இடத்தில் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. தைலம் வரும், சாக்லேட் வரும், மச்சானுக்குச் சட்டை வரும். 'ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு' என்று எழுதியிருக்கிற சத்து மாத்திரை மட்டும் வராது.

மச்சான் என்பது என் மனைவி மல்லிகாவின் அண்ணன். மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறார். போன வாரம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். மழை, நெல், கட்சி எல்லாம் பேசி முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ள, பாட்டில் காலியாயிடுச்சு. இந்தத் தடவ ரெண்டா கொண்டாந்துருங்க."

"கடைசியா எப்ப சுகர் பாத்தீங்க மச்சான்?"

"அதான் மாத்திர போடுறேன்ல."

இதே பதிலை இதே மிடுக்கோடு நானும் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். அதனால் அவர்மேல் கோபம் வரவில்லை. ஆனால் இந்த முறை கொடுக்கப் போவதில்லை. ஏன் என்று போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர்ப் பக்கம் சத்து மாத்திரை என்பது பெண்கள் சமாச்சாரம். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பார்கள். நோஞ்சான் பிள்ளைகளுக்கு டானிக் வாங்குவார்கள். மீசை வைத்த ஆள் மருந்துக்கடையில் போய்ச் சத்து மாத்திரை கேட்டால், "வீட்டுல விசேஷமா?" என்றுதான் கடைக்காரர் கேட்பார். உடம்பு முடியவில்லை என்று ஓர் ஆண் வாய்விட்டுச் சொல்வது கட்டிலை விட்டு எழ முடியாத அன்றைக்குத்தான். என் பெரியப்பா நெஞ்சுவலியை வாயு என்று சொல்லி, சோடா குடித்தபடியே போய்ச் சேர்ந்தார். "கடைசிவரைக்கும் ஒரு ஊசி போட்டுக்கிட்டதில்ல மனுஷன்" என்று ஊரே பெருமையாகப் பேசியது. அந்தப் பெருமையில் நானும் கலந்துகொண்டவன்தான்.

அப்படிப்பட்ட ஊருக்கு, நான் பிழைக்க வந்த இந்த நாட்டின் சிராங்கூன் சாலைக் கடை ஒன்றிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுபோனேன். கறுப்பு பாட்டில், தங்க எழுத்து, 'மென்' என்று கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில். அவ்வளவுதான், சத்து மாத்திரைக்கு மீசை முளைத்துவிட்டது. மச்சான் அதை டிவிக்குப் பக்கத்தில் லேபிள் தெரிகிற மாதிரி வைத்தார். வருகிற விருந்தாளிக்குக் காபியோடு ஒரு மாத்திரையும் நீட்டுகிறார் என்று மச்சானின் மனைவியே மல்லிகாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அடுத்த வருஷம் பக்கத்து வீட்டார் கேட்டார்கள். அதற்கடுத்த வருஷம் என் பெட்டியில் துணியைவிட பாட்டில்தான் அதிகம் இருந்தது.

நான் ஒருவன் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குள் நுழைந்தால், அந்த மாத்திரை அலமாரிக்கு முன்னால் ஆண்கள் கூட்டம் எப்போதும் நிற்கும். கிராஞ்சி தொழிலாளர் விடுதிகளிலிருந்து வந்த தம்பிகள் போனில் அப்பாவின் வயதைக் கேட்டுக் கேட்டு பாட்டிலைத் திருப்பிப் பார்ப்பார்கள். "இது ஹார்ட்டுக்கும் நல்லதாண்ணே?" என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். நானும் பெரிய டாக்டர் மாதிரி, "எல்லாத்துக்கும் நல்லதுடா, எடு" என்று சொல்லியிருக்கிறேன்.

3

இங்கே என் அன்றாடம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சுவா சூ காங்கில் வீடு. விடிந்ததும் ரயில். நகரத்தில் ஓர் உயரமான கட்டடத்தின் குளிர்சாதன இயந்திரங்களை நானும் என் ஆட்களும் பார்த்துக்கொள்கிறோம். நாள் முழுவதும் பாதுகாப்புக் காலணிக்குள்ளேயே கால் இருக்கும். புறப்படும் முன் இட்லி, அதன்மேல் அந்த மாத்திரை. கொஞ்ச நேரத்தில் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். அதைப் பார்த்தாலே ஒரு திருப்தி, உள்ளே போனது வேலை செய்கிறது என்று. உடம்பு வேண்டாம் என்று வெளியே தள்ளிய மிச்சம் அது என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன்னால் கம்பெனி டாக்டர், "சர்க்கரை எல்லையில் நிற்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். பார்த்துக்கொண்டேன். அதாவது, அடுத்த முறை இன்னும் பெரிய பாட்டிலாக வாங்கினேன்.

பரிசோதனைக்கு வரச் சொல்லி இந்த அரசாங்கம் விடாமல் குறுஞ்செய்தி அனுப்பும். என் மகள் நிலா, பாலிடெக்னிக்கில் படிக்கிறவள், அதைப் பார்த்துவிட்டு, "பா, ஜஸ்ட் புக் பண்ணுங்க லா, டூ மினிட்ஸ்தான்" என்பாள். அவள் என்னிடம் பேசுகிற தமிழ் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அந்தக் கவலையில் அவள் சொன்ன விஷயத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "மொதல்ல அத தமிழ்ல சொல்லு" என்று அவள் வாயை அடைத்துவிடுவேன். அவளும் தோளைக் குலுக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள்.

பிறகு கால் விரல்களில் ஒரு குறுகுறுப்பு வந்தது. எறும்பு ஊர்கிற மாதிரி. படுத்தால் அதிகம். மல்லிகாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே தரதரவென்று இழுத்துக்கொண்டு போவாள். நேராக அந்த அலமாரிக்குப் போய், நரம்புக்கு என்று எழுதியிருந்த இன்னொரு பாட்டிலையும் வாங்கி இரண்டையும் சேர்த்துப் போட ஆரம்பித்தேன்.

சில மாதங்களில் குறுகுறுப்பு நின்றுவிட்டது. சுத்தமாக நின்றுவிட்டது. என் வைத்தியத்தின்மேல் எனக்கு வந்த நம்பிக்கையைச் சொல்லி முடியாது. வேலையிடத்தில் முட்டிவலி, முதுகுவலி என்று வந்தவர்களுக்கெல்லாம் அந்த பாட்டிலின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

4

தீபாவளிக்கு முந்தி வருகிற தீமிதியில் நான் பல வருஷமாக நடக்கிறேன். நிலா எடை குறைவாகப் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது வேண்டிக்கொண்டது. இங்கே அது ஒரே நாள் காரியம் இல்லை. வாரக்கணக்கில் விரதம், இணையத்தில் பதிவு, நேரம் ஒதுக்கிய சீட்டு எல்லாம் உண்டு. அன்றைக்கு மஞ்சள் வேட்டியோடு சிராங்கூன் சாலையிலிருந்து வெறுங்காலில் நகரத்தின் நடுவே உள்ள அம்மன் கோயில்வரை நடந்து போய், அங்கே பூக்குழியில் இறங்கி, அந்தப் பக்கம் பால்குழியில் கால் வைக்க வேண்டும். இறங்குகிறவர்கள் எல்லாரும் ஆண்கள்.

சூடு தெரியுமா என்று எல்லாரும் கேட்பார்கள். தெரியும். தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்றுதான் நானும் சொல்லி வந்தேன். பாதி தாண்டும்போது பாதத்தில் சுள்ளென்று ஏறும், அம்மா என்று வாய் தானாகக் கூப்பிடும், பாலில் கால் பட்டதும் உயிர் திரும்பி வரும்.

இந்த வருஷம் எதுவுமே இல்லை. மண்ணில் நடக்கிற மாதிரி நடந்தேன். அவசரப்படவும் இல்லை. பால்குழியில் நின்றபோதும் குளிர்ச்சி என்று ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. இத்தனை வருஷம் கழித்து அம்மன் என்னை ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை, அதை இன்றைக்கும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எங்கள் குழுவுக்குத் தலைவர் ரெங்கசாமி அண்ணன். தோ பாயோக்காரர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். குழியைத் தாண்டி வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தே எப்படி நடந்தான் என்று சொல்லிவிடுவார். என்னைப் பார்த்ததும் தோளைப் பிடித்தார்.

"குமாரு, சூடு தெரியலதானே?"

"தெரியலண்ணே. கொஞ்சங்கூடத் தெரியல."

"உன்ன ஏத்துக்கிட்டாடா" என்று சொல்லி என் நெற்றியில் திருநீறு பூசினார். சுற்றி இருந்தவர்கள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ரயிலில் வீடு திரும்பும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை.

5

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. மல்லிகா கூடத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தவள், தரையைப் பார்த்து, "யாரு கால்ல என்ன? துடைக்கத் துடைக்கக் கற வருது" என்றாள். நிலா தன் காலைத் தூக்கிப் பார்த்தாள். நான் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. என் கால் என்றால் எனக்குத் தெரியாதா?

என் கால்தான். நிலாதான் முதலில் பார்த்தாள். "பா... யுவர் ஃபுட்" என்றாள். அதற்குமேல் அவளுக்கு ஆங்கிலமும் வரவில்லை. பாதத்தின் நடுவில் ஒரு புண், ஓரம் வெளுத்து, உள்ளே சிவந்து. தீமிதியில் வந்த கொப்புளம் காலணிக்குள்ளேயே உடைந்து, தேய்ந்து, அப்படி ஆகியிருக்கிறது. அத்தனை நாளும் அந்தக் காலோடுதான் மாடிப்படி ஏறி இறங்கியிருக்கிறேன்.

மல்லிகா வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு என் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நிலா போனை எடுத்து அதிலேயே மருத்துவமனைக்கு நேரம் வாங்கினாள். இந்த முறை நான் தமிழில் சொல் என்று சொல்லவில்லை.

டாக்டர் இளம் சீனப் பெண். குறுகுறுப்பை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குச் சொல் கிடைக்கவில்லை. "முன்னே கால் தூங்காமல் இருந்தது, இப்போது தூங்கிவிட்டது" என்கிற மாதிரி எதையோ சொல்லிவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தாதியைக் கூப்பிட்டுக் காலைச் சோதிக்கச் சொன்னார். தமிழ்ப் பெண். கையில் தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிய நைலான் இழை.

"கண்ண மூடிக்குங்க அங்கிள். தொடுறது தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. இழையைத் தேடுகிறாள் போல என்று நினைத்தேன்.

"ஆரம்பிக்கலாம்மா" என்றேன்.

"முடிச்சுட்டேன் அங்கிள்" என்றாள்.

கண்ணைத் திறந்து பார்த்தபோது மல்லிகா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பயம் என்றால் என்ன என்று தெரிந்தது.

டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். சர்க்கரை எல்லையைத் தாண்டி ரொம்ப நாளாகிவிட்டது. குறுகுறுப்பு என்பது நரம்பு உதவிக்குக் கூப்பிட்டது. அது நின்றது குணமானதால் இல்லை, கூப்பிடுவதற்கே முடியாமல் போனதால். மாத்திரைமேல் அவருக்கு விரோதம் ஒன்றும் இல்லை. உடம்பில் ஏதாவது குறைகிறது என்று பரிசோதனையில் தெரிந்தால் அவரே எழுதிக் கொடுப்பாராம். ஆனால் பரிசோதனைக்குப் பதிலாக மாத்திரை போடுவது நடக்காத காரியம். இரண்டு மூன்று பாட்டிலைச் சேர்த்துப் போட்டால் சில சத்துகள் அளவு மிஞ்சி, அவையே நரம்பைக் கெடுக்கும் என்றும் சொன்னார். நல்லவேளை, புண் எலும்புவரை போகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரல் போயிருக்கும், அல்லது அதற்கும் மேலே. இனிமேல் நெருப்பில் மட்டும் இல்லை, வீட்டுக்குள்கூட வெறுங்காலில் நடக்கக் கூடாது.

புண் ஆறிவிட்டது. சர்க்கரையும் இறங்கிக்கொண்டிருக்கிறது. ராத்திரி படுக்கும் முன் நிலா என் பாதத்தை டார்ச் அடித்துப் பார்க்கிறாள். அந்த நேரத்தில் கொஞ்சம் தமிழும் பேசுகிறாள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், யாரும் அழவேண்டாம்.

6

இதோடு முடிந்திருந்தால் எனக்கும் சுலபம். தீபாவளியெல்லாம் முடிந்து வருஷக் கடைசியில் எங்கள் குழுவினர் ரெங்கசாமி அண்ணனின் அடுக்குமாடி புளோக்கின் கீழே, எல்லாரும் கூடுவதற்குக் காலியாக விட்டிருக்கிற வெற்றுத்தளத்தில் சேர்ந்து சாப்பிடுவோம். அடுத்த வருஷம் புதிதாக நடக்க விரும்புகிறவர்களும் வருவார்கள். அண்ணன் போன் பண்ணினார்.

"புதுசா வர்றவங்களுக்கு நீதான் பேசணும் குமாரு. சூடு தெரியாம நடக்கிறது எப்படின்னு சொல்லு."

சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் என் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் என்ன நினைப்பார்கள்? அம்மனைக் குறைசொல்கிறான் என்பார்கள். சொல்லாவிட்டால், அடுத்த வருஷம் எவனாவது சூடு தெரியவில்லை என்று சந்தோஷப்படுவான், கொப்புளத்தைப் பார்க்காமல் விடுவான்.

மல்லிகாவிடம் கேட்டேன். "ஒங்க மருவாதி பெருசா, இன்னொருத்தன் காலு பெருசா?" என்றாள். வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அண்ணன் என்னை அறிமுகப்படுத்தி, "கேட்டுக்குங்க, இவன் கொடுத்துவச்சவன்" என்றார். நான் எழுந்தேன். பேச எனக்குக் கூச்சம் கிடையாது, ஆனால் அன்றைக்குத் தரையைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன்.

"எனக்குச் சூடு தெரியாததுக்குக் காரணம் சர்க்கர. என் கால் மரத்துப் போச்சு. தொட்டாலும் தெரியாது. அம்மன் எனக்குக் கொடுத்தது இது இல்ல. அவ கொடுத்தது என் பொண்டாட்டி. தரையில கறையப் பாத்து என் காலக் காப்பாத்துனவ அவதான்."

காலணியையும் காலுறையையும் கழற்றித் தழும்பைக் காட்டினேன். குறுகுறுப்பு வந்தது, பாட்டில் வாங்கியது, நின்றது, நைலான் இழை, எல்லாம் சொன்னேன். "சுடுதுன்னா சந்தோஷப்படுங்க. சுடலன்னா நேரா டாக்டர்கிட்ட போங்க" என்று முடித்தேன்.

ஒருவர் மட்டும், "எல்லாருக்கும் அப்படித்தான்னு சொல்லமுடியாது லா" என்றார். சிலர் தலையை ஆட்டினார்கள். சாப்பாடு பரிமாற ஆரம்பித்தார்கள். ரெங்கசாமி அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. போச்சு, இத்தனை வருஷப் பழக்கம் இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

கை கழுவப் போன இடத்தில் பின்னாலேயே வந்து நின்றார். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் பேசினார்.

"எனக்கு நாலு வருஷமா தெரியல குமாரு."

நான் திரும்பினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வயசாக வயசாகப் பக்தி முத்திப்போச்சுன்னு நெனச்சேன். மாத்திர நான் ஒண்ணுவிடாமப் போடுறேன், நீ சொன்ன அதே பாட்டில்தான். வீட்டுல சொல்லிறாத. அவ தாங்கமாட்டா."

"திங்கக்கெழம காலையில ஒங்க பாலிகிளினிக் வாசல்ல நிப்பேன். வரலன்னா வீட்டுக்கே வந்து அண்ணிகிட்ட சொல்லுவேன்" என்றேன். வயதில் பெரியவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல்தடவை.

7

திங்கட்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுத் தோ பாயோவுக்குப் போனேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். பக்கத்தில் அண்ணியும் வந்தார். அண்ணன் ராத்திரியே அவரிடம் சொல்லிவிட்டாராம்.

எண் வாங்கிக்கொண்டு மூவரும் உட்கார்ந்தோம். அண்ணன் எதிரே இருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு குனிந்து அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையை எடுக்காமலே கேட்டார்.

"தீமிதிக்குக் கெளம்புறப்ப வருஷா வருஷம் மஞ்சத் தண்ணியில கால் கழுவி விடுறேனே, அதுவும் தெரியலையா ஒங்களுக்கு?"

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவர் பக்கம் திரும்பினார். திரையில் எண்கள் மாறிக்கொண்டிருந்தன.

"நீ குனிஞ்சு கழுவுறதப் பாத்துக்கிட்டே இருப்பேன். தெரியிற மாதிரியேதான் இருக்கும்" என்றார்.

எங்கள் எண் வந்தது. அண்ணி எழுந்து, "வாங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.